காதுகுத்துக்குப் போன குக்கர்

1

போன வாரம் எங்கள் அலுவலகத்தின் பணியாளர் பிரிவிலிருந்து ஒரு பெண்மணி என் மேசைக்கு வந்து, புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் அரை மணி நேரம் பேச வேண்டும் என்றார். தலைப்பையும் அவரே கொண்டுவந்திருந்தார். தயாரிப்பு மேலாண்மை, புதுமை காணும் பழக்கங்கள், அவற்றின் மூலம் வேலையில் முன்னேறுவது எப்படி. அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

சிங்கப்பூருக்கு வந்து இத்தனை வருடமாகியும், நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை ஊரில் ஒருவருக்கும் விளங்க வைக்க முடிந்ததில்லை. பொருளைச் செய்கிறவர் ஒருவர், விற்கிறவர் இன்னொருவர். இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டு, எதைச் செய்தால் விற்கும் என்று சொல்லி இரண்டு பேரிடமும் திட்டு வாங்குகிறவர்தான் தயாரிப்பு மேலாளர். அம்மா அருப்புக்கோட்டையில் கேட்கிறவர்களிடம் எல்லாம், "குக்கர் கம்பெனில மேனேஜரு. குக்கர் செய்றதும் இல்ல, விக்கிறதும் இல்ல. சும்மா மேனேஜரு" என்று சொல்லி வைத்திருக்கிறாள். என் வேலையை இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

பேச்சை வீட்டில் ஒத்திகை பார்த்தேன். பன்னிரண்டு வயது மகள் சோபாவில் கால் நீட்டிப் படுத்தபடி கேட்டாள். நான் இங்கிலீஷில் எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு உகரம் ஒட்டிக்கொள்கிறதாம். பிராடக்ட்டு, மார்க்கெட்டு, கஸ்டமரு.

"அப்பா, பெயிலியர் எல்லாம் சொல்லாதீங்க, போரிங். சக்சஸ் மட்டும் சொல்லுங்க" என்றாள்.

அப்படியே செய்தேன். வாடிக்கையாளரின் பேச்சைக் கேளுங்கள், சிறிதாகத் தொடங்குங்கள், சோதித்துப் பாருங்கள் என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். உண்மையில் நான் எப்படி மேலாளர் ஆனேன் என்பதை அங்கே சொல்லவில்லை. சொன்னால் தாய்மாமன் என்றால் யார் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதற்கே அரை மணி நேரம் போய்விடும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை என்பதால் இங்கே சொல்கிறேன்.

2

அதற்கு முன்னால், என் முதல் புதுமையைச் சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்கு அருப்புக்கோட்டையில் வத்தல் கடை. சுற்றிலும் உள்ள மானாவாரிக் காடுகளில் விளையும் மிளகாய் வத்தலும் மல்லியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். எண்பதுகளின் நடுவில் கல்லூரியை முடித்துவிட்டு வந்தவன், சும்மா இருக்க மாட்டாமல், வத்தலை அரைத்துத் தூளாக்கிப் பிளாஸ்டிக் கவரில் அடைத்தேன். கவரின் வாயை ஆக்சா பிளேடில் மடித்து மெழுகுவத்தியில் காட்டினால் அழகாக ஒட்டிக்கொள்ளும். விரலிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும்.

அடுக்கி வைத்த அன்றைக்குப் பாலவனத்தத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். ஒரு பொட்டலத்தை எடுத்தார், ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தார், மோந்து பார்த்தார், நாக்கில் வைத்தார், நாலு தும்மல் போட்டார்.

"தூளு நல்லாத்தான் இருக்கு. பிரிக்காத பொட்டலமா ஒண்ணு குடுங்க" என்றார்.

கொடுத்தேன். அதையும் கடித்துக் கிழித்தார். "இதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். நியாயமான கேள்விதான். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அதே நியாயத்தைக் கடைப்பிடித்தார்கள். பொழுது சாயும்போது அலமாரியில் கிழியாத பொட்டலம் ஒன்றுகூட இல்லை, கடைவீதி முழுக்கத் தும்மிக்கொண்டிருந்தது.

அப்பா எல்லாத் தூளையும் ஒரு தகர டின்னில் கொட்டித் திறந்து வைத்தார். "ஏலே, பொண்ணப் பாக்காமக்கூடக் கல்யாணம் முடிச்சிருவாக. வத்தலப் பாக்காம வாங்க மாட்டாக" என்றார்.

நம் ஊரில் மூடிய பொருளைத் திறக்காமல் விடமாட்டார்கள் என்று அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். வாடிக்கையாளரைப் பற்றி ஒரே ஒரு நாள் அனுபவத்தை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்று இப்போது பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அப்போது எனக்குச் சொல்ல ஆளில்லை.

3

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூரில், சமையலறைச் சாமான்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் உதவியாளாகச் சேர்ந்தேன். மின்சாரத்தில் சோறு ஆக்கும் குக்கர்தான் அவர்களுடைய முக்கியச் சரக்கு. இங்கிருந்து ஊருக்குப் போகிற தமிழர்கள் அதை வாங்கிப் போனாலும் ஊரில் அதில் சமைப்பதில்லை. காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். கஞ்சி வடிக்காத சோற்றை நம் பெண்கள் சோறு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வடித்த கஞ்சிக்கும் ஆயிரம் வேலை இருக்கிறது. மாட்டுக்கு வேண்டும், பருத்திச் சேலைக்கு வேண்டும், எங்கள் தெருவுக்கு அடுத்த நெசவாளர் தெருவில் பாவு நூலுக்கு வேண்டும்.

ஆகவே கஞ்சி வடிக்கும் குக்கர் என்று ஒன்றை வரைந்தேன். அடியில் ஒரு சின்னக் குழாய். சோறு வெந்ததும் திருகினால் கஞ்சி தனியே வந்துவிடும். எங்கள் இயக்குநர் திரு. கோ, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தைப் பார்த்தார். அதிகம் பேசாத சீனர். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"குழாய் அடைத்துக்கொள்ளுமா?"

"தெரியாது."

"தெரிந்துகொண்டு வா. உன் ஊர்ச் சமையலறையில் சோதித்துப் பார்."

மாதிரிக்காக ஐந்து குக்கர்கள் செய்து கொடுத்தார்கள். அந்த ஆண்டு ஒரே ஒரு தயாரிப்பு மேலாளர் பதவி காலியாக இருந்தது. போட்டியில் இருந்தது நானும், பினாங்கிலிருந்து வந்த லிம்மும். லிம் தண்ணீர் கொதித்தால் பாட்டுப் பாடும் கெட்டில் ஒன்றைச் செய்துகொண்டிருந்தான். பதவி அவனுக்குப் போனால் என் ஒப்பந்தம் அதோடு முடியும், வேலை அனுமதியும் முடியும், மனைவி குழந்தையோடு விமானம் ஏற வேண்டியதுதான். ஆய்வுக் கூட்டம் முடியும்வரை லிம் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. தும்மினால்கூட அலுவலகத்தில் வந்துதான் தும்மினான்.

அந்த நேரம் பார்த்துத் திருச்சுழியிலிருந்து தங்கை லட்சுமி போன் செய்தாள்.

"அண்ணே, பிள்ளைக்குக் காது குத்துறோம். மாமன் நீ வரணும்ல?"

"லட்சுமி, மீட்டிங் முடியிற வரைக்கும் லீவு போட முடியாது. கொஞ்சம் தள்ளி வைக்கலாமா?"

"மண்டபத்துக்குச் சொல்லியாச்சு. மேளத்துக்குச் சொல்லியாச்சு. கிடாயக் கொண்டாந்து கட்டியாச்சு. கிடாய்கிட்டயா தேதி கேக்கச் சொல்ற?"

நான் மீண்டும் பதவி, லிம், கெட்டில் என்று விளக்கினேன். அவள், "சரிண்ணே. நீ பொழப்பப் பாரு" என்று சொல்லி வைத்துவிட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அவள் உண்மையிலேயே எனக்கு வழிவிட்டுச் சொன்னாள், அதுதான் வலித்தது.

மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், மாமன் சீர் மேளத்தோடு வர வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மாமன் வராத காதுகுத்து என்றால், பிறந்த வீடு கைவிட்ட பெண் என்று புகுந்த வீட்டில் காலத்துக்கும் பேச்சு இருக்கும். என் மகளுக்கு இங்கே ஒரு பேரங்காடியில், வளையல் கடைக்கும் ஐஸ்கிரீம் கடைக்கும் நடுவில், துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்து இரண்டு சொடுக்கில் காது குத்தினார்கள். அவள் உட்கார்ந்தது சுழலும் நாற்காலியில். எந்த மாமனும் கோபித்துக்கொள்ளவில்லை.

4

ஐந்து குக்கரையும் விமானச் சரக்கில் மெட்ராஸுக்கு அனுப்பினேன். அதை எடுக்கப் போனவர் லட்சுமியின் வீட்டுக்காரர், எங்கள் மாப்பிள்ளை. சுங்க அதிகாரி ஒரு பெட்டியைப் பிரித்து, மூடியைத் தூக்கிப் பார்த்து, குழாயைத் திருகிப் பார்த்து, கடைசியில் மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்திருக்கிறார்.

"அடியில சூடு, மேல மூடி, பக்கத்துல குழாய். அஞ்சு செட்டு. எந்த ஊர்லய்யா காய்ச்சப் போறீங்க?"

"திருச்சுழிங்க. சாராயம் இல்லைங்க சார், சோறு. கஞ்சி வடிக்கிறதுக்கு."

"கஞ்சி வடிக்க எதுக்குய்யா கரண்டு?"

"அதான் சார் எனக்கும் பிடிபடல. மச்சான் கண்டுபிடிச்சிருக்காக."

மறுநாளும் வரச் சொல்லி, ஒரு வழியாக விட்டுவிட்டார்கள். பெட்டியைப் பிரித்துக் குழாயைத் திருகிப் பார்த்தவர் என்ற முறையில், எங்கள் சோதனையில் பங்கெடுத்த ஒரே பயனாளர் அந்தச் சுங்க அதிகாரிதான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அருப்புக்கோட்டையில் இறங்கி, திருச்சுழி பஸ்ஸின் கூரையில் ஐந்து பெட்டிகளையும் ஏற்றியிருக்கிறார் மாப்பிள்ளை. காதுகுத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, சிங்கப்பூர் முத்திரை குத்திய ஐந்து பெரிய பெட்டிகள் பஸ்ஸில் ஏறினால் ஊர் என்ன நினைக்கும்?

"மாமன் சீரா மாப்ள?" என்று கண்டக்டர் கேட்டிருக்கிறார்.

"இல்லண்ணே, டெஸ்ட்டு பண்ண அனுப்பிருக்காக. அஞ்சு வீட்டுக்குக் குடுக்கணும்."

"சீர டெஸ்ட்டு பண்ணி அனுப்புற மாமன் யாருக்கு வாய்க்கும்!" என்று சொல்லி, கண்டக்டர் ஒரு பெட்டிக்கும் லக்கேஜ் போடவில்லையாம். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. பஸ் திருச்சுழி போய்ச் சேருமுன் சீர் வந்த சேதி போய்ச் சேர்ந்துவிட்டது.

காதுகுத்து முடிந்த பிறகு நான் போன் செய்தேன். லட்சுமி வந்து பேசிய பக்கத்துக் கடையில் யாரோ மூட்டை இறக்கும் சத்தம். நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

"குக்கரு அஞ்சும் எப்படி இருந்துச்சு, லட்சுமி? எதாவது பிரச்சினை உண்டா?"

"ஒரு குறை இல்லண்ணே! அஞ்சும் அம்புட்டு அருமையா வந்துச்சு. ஊரே பாத்து அசந்துபோச்சு. எல்லாம் வீடியோல இருக்கு, கேசட்டு அனுப்பிட்டேன், நீயே பாத்துக்கோ."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்த் திரு. கோவிடம், சோதனை முழுவதும் வீடியோவில் பதிவாகியிருக்கிறது என்று சொன்னேன். அப்படி ஒரு அக்கறையை அவர் அதுவரை எந்த உதவியாளிடமும் கண்டதில்லையாம். லிம்மின் முகம் தீய்ந்த அடிச்சோறு மாதிரி ஆனது.

5

கேசட் ஆய்வுக் கூட்டத்தன்று காலையில்தான் வந்து சேர்ந்தது. போட்டுப் பார்க்க நேரமில்லை. இயக்குநர், பொறியாளர்கள், பெட்டி வடிவமைக்கும் பிரிவினர், லிம் என்று எல்லோரும் உட்கார்ந்திருக்க, நானே பெருமையோடு உள்ளே தள்ளி விசையை அழுத்தினேன்.

முதலில் ஒரு ரோஜாப்பூ சுழன்று வந்தது. பிறகு மேளம். அதன் பிறகு, பட்டுச் சேலை கட்டிய ஐந்து பெண்கள் வரிசையாக நடந்து வந்தார்கள், ஒவ்வொருவர் தலையிலும் ஒரு குக்கர் பெட்டி. பெட்டிகளில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். 'ரகசிய மாதிரி, வெளியாருக்குக் காட்டக் கூடாது' என்று நிறுவனம் சிவப்பில் அச்சடித்திருந்த இடத்தில் பொட்டு கொஞ்சம் பெரிதாகவே இருந்தது.

"இது விநியோகமா?" என்றார் திரு. கோ.

"ஆமாம் சார்" என்றேன். வேறு என்ன சொல்ல?

பெண்களுக்குப் பின்னால் மாலை போட்ட கிடாய் வந்தது.

"அது?"

"அதுவும் அதோடு சேர்ந்ததுதான் சார்."

பெட்டி வடிவமைக்கும் பிரிவின் மூத்தவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பெட்டியைத் தலையில் தூக்குவார்கள் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லையாம். லிம் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டிருந்தான். இப்போது பிரிப்பார்கள், இப்போது அரிசியைப் போடுவார்கள் என்று நான் திரையையே பார்த்தேன். பொட்டலத்தைப் பல்லால் கடித்துப் பிரித்த ஜனம் அல்லவா! எத்தனை பேர் பெட்டியைத் தடவிப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள். ஒருவர்கூடப் பிரிக்கவில்லை. சீர் என்று வந்துவிட்டால் பிரிக்கக் கூடாது, பார்க்க வைக்க வேண்டும்.

திடீரென்று படத்தில் சச்சரவு. பெரியப்பா மகன் கணேசனும் சித்தப்பா மகன் பாண்டியும் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். குத்தூசியோடு ஆசாரி காத்திருக்கிறார், மொட்டை போட்ட பிள்ளை இடுப்பில் அழுகிறது. நான் இல்லாததால் மாமன் மடி யாருடையது என்று தகராறு.

"மூத்தவன் நான் இருக்கேன்ல? என் மடியிலதான் உக்காரணும்" என்றான் கணேசன்.

"அண்ணன் கப்பல் ஏறுற வரைக்கும் கூட இருந்தவன் நானு. நீ எங்க இருந்த?" என்றான் பாண்டி. நான் போனது விமானத்தில். அந்த நேரத்தில் யார் அதைத் திருத்துவது?

அப்போது லட்சுமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஒரு குக்கர் பெட்டியைத் தானே தூக்கி வந்து மணையில் வைத்தாள். அதன்மேல் பட்டு வேட்டியை விரித்தாள், மாமனுக்கென்று வைத்திருந்த மாலையை அதற்குப் போட்டாள்.

"ரெண்டு பேரும் தள்ளுங்க. எங்கண்ணன் அனுப்புனது இருக்குல்ல? எம்பிள்ள அதுல உக்காந்துக்கிரும்" என்றாள். பிள்ளையைப் பெட்டியின்மேல் உட்கார வைத்தாள். ஆசாரி குத்தினார். பிள்ளை வீறிட்டுக் கத்தியது. மேளம் உச்சத்துக்குப் போனது. பெட்டி அசையவில்லை.

கூட்ட அறையில் எல்லோரும் சிரித்தார்கள். கூட்டம் முடியும் முன்பே பதவி போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. திரு. கோ மட்டும் சிரிக்காமல் படத்தை நிறுத்தச் சொன்னார்.

"அந்தக் குழந்தை ஏன் நம் பெட்டியின்மேல் உட்கார்ந்திருக்கிறது?"

தாய்மாமன் என்றால் யார், மடி எதற்கு, சீர் எதற்கு என்று என் உகரம் ஒட்டிய இங்கிலீஷில் சொன்னேன்.

"அப்படியென்றால் நீ எங்கே இருந்திருக்க வேண்டும்?" என்றார்.

"பெட்டி இருக்கும் இடத்தில், சார்."

அதற்குப் பிறகு அந்த அறையில் லிம் உட்பட யாரும் சிரிக்கவில்லை. திரு. கோ எழுந்துபோய்ப் பலகையில் ஒரு வரி எழுதினார். 'வாங்குகிறவர் மாமன். சமைக்கிறவரைப் பற்றியே நாம் இதுவரை யோசித்துக்கொண்டிருந்தோம்.'

6

குழாய் அடைத்துக்கொண்டது. இன்னொரு மாதிரி செய்து அலுவலக உணவகத்தில் சோதித்தபோது, சிராங்கூன் சாலையில் வாங்கிய புழுங்கலரிசிக் கஞ்சி இறுகி, திருகினால் காற்றுகூட வரவில்லை. என் கண்டுபிடிப்பை அதோடு தூக்கிப் போட்டார்கள். ஆனால் பெட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். பழைய குக்கரையே, தலையில் வைத்தால் வழுக்காத கெட்டிப் பெட்டியில், மாமன் பெயர் எழுத இடம் விட்டு, தங்க நிற ஓரத்தோடு கொண்டுவந்தோம். ஊருக்குப் போகிற ஒவ்வொருவரும் வாங்கினார்கள். எத்தனை வீட்டில் அதைப் பிரித்தார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. பதவி எனக்கு வந்தது. லிம்மின் கெட்டில் பாடிய பாட்டு யாருக்கும் பிடிக்கவில்லை.

மேலாளர் ஆனதும் விடுப்புக் கேட்கும் துணிச்சல் வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். மேலாளருக்கு அதற்கும் நேரம் இருப்பதில்லை. கடைசியில் ஊருக்குப் போனபோது பிள்ளை கவிதாவுக்கு நாலு வயது முடிந்திருந்தது.

திருச்சுழியில் தங்கை வீட்டுக்குள் நுழைந்தேன். முன்னறையில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், பூப்போட்ட துணி விரித்து அந்தப் பெட்டி இருந்தது. மாப்பிள்ளை நாற்காலியைத் தூசி தட்டினார். லட்சுமி தண்ணீர்ச் செம்போடு அழுதுகொண்டே சிரித்தாள்.

"இளைச்சிட்டியேண்ணே" என்றாள். உண்மையில் நான் நன்றாகப் பெருத்திருந்தேன். பிறகு பிள்ளையை முன்னால் தள்ளினாள். "கவிதா, சிங்கப்பூர் மாமா வந்துருக்காக பாரு. வணக்கம் சொல்லு."

கவிதா சமர்த்தாகக் கையைக் கூப்பினாள். என்னைத் தாண்டி நேராகப் போய், பெட்டிக்கு முன்னால் நின்று, "வணக்கம் மாமா" என்றாள்.

வீடே விழுந்து விழுந்து சிரித்தது. எல்லோரையும்விட நான்தான் அதிக நேரம் சிரித்தேன், நிறுத்தினால் என்ன ஆகும் என்று பயமாக இருந்தது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து மடியைத் தட்டிக் காட்டினேன்.

"வா தாயி. மாமா மடியில வந்து உக்காரு."

அவள் என் மடியைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் துணியை ஒதுக்கிவிட்டு, கால்களைத் தொங்கப் போட்டபடி, பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"இதான் மாமா மடி" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தாள்.